எலக்ட்ரானிக் டிரம்மில் ரிம் ஒலிக்கவில்லையா? கேபிள் முதல் கைவரை ஒரு முழு வழிகாட்டி

நான் முதன்முதலில் வாங்கிய மெஷ் பேட் (வலைத்தோல் போட்ட, குச்சியால் அடிக்கும் எலக்ட்ரானிக் தட்டு) பழையது. தலைக்கு ஒரு ஒலி, ரிம் எனப்படும் விளிம்புக்கு ஒரு ஒலி, இரண்டும் வரும் என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். வீட்டில் கொண்டுவந்து மாட்டினேன். நடுவில் அடித்தால் ஸ்னேர் பளீரென்று வந்தது. விளிம்பில் அடித்தால் ரப்பரின் வெறும் 'டொக்' சத்தம்தான். ஹெட்ஃபோனில் ஒன்றும் இல்லை. அடியை ஒலியாக மாற்றும் பெட்டியான மாட்யூலின் அமைப்புகளை மூன்று நாள் குடைந்தேன். நான்காம் நாள் விற்றவரைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டை பிடித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த கேபிள் போட்டிருக்கிறீர்கள்?" கிட்டாருக்கு வைத்திருந்த கேபிளைப் போட்டிருந்தேன். தவறு முழுக்க என்னுடையது.

அதன் பிறகு நண்பர்களின் டிரம் செட்களில் இதே சிக்கலைப் பல முறை பார்த்துவிட்டேன். பேட் உண்மையிலேயே பழுதாகியிருந்தது ஓரிரு முறைதான். மற்றபடி கேபிள், மாட்யூலில் அதைச் செருகும் துளை, பேட் வகை, அமைப்பு, அடிக்கும் கை ஆகியவற்றில் ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருந்தது. அந்த வரிசையிலேயே போவோம். வரிசையை மாற்றிப் போகிறவர்கள் என்னைப் போல மூன்று நாளை இழப்பார்கள்.

எந்த ஒலி வேண்டும்?

ரிம் ஒலி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் மூன்று ஒலிகள் இருக்கின்றன. குச்சியின் நுனி தோலிலும் தண்டு வளையத்திலும் ஒரே நேரத்தில் விழுந்தால் வருவது ரிம்ஷாட். துப்பாக்கி வெடித்தாற்போல் இருக்கும். உள்ளங்கையைத் தோலில் ஊன்றி, குச்சியைக் குறுக்கே படுக்கவைத்து, அதன் வெளிமுனையை மட்டும் தூக்கி வளையத்தில் தட்டினால் கிராஸ் ஸ்டிக். போஸா நோவாவிலும் மெதுவான காதல் பாடல்களிலும் கேட்கிற அந்த மரத்தட்டல் இதுதான். தோலைத் தொடாமல் வளையத்தை மட்டும் தட்டுவது மூன்றாவது.

மரத்தில் செய்த டிரம்மில் இந்த மூன்றும் தாமாகவே வேறுபட்டு ஒலிக்கும். எலக்ட்ரானிக் பேடில் வேறுபாட்டை மாட்யூல் ஊகித்தாக வேண்டும். விலை குறைந்த செட்கள் பலவற்றில் ரிம்முக்கு ஒரே ஒரு ஒலிக்குத்தான் இடம் உண்டு. உங்களுடையது அப்படியென்றால், அந்த இடத்தில் ரிம்ஷாட் இருக்க வேண்டுமா கிராஸ் ஸ்டிக் இருக்க வேண்டுமா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பேடில் வரவழைக்கப் பாடுபட்டு, முடியாததை முடியவில்லை என்று நொந்துகொள்ள வேண்டாம்.

பேடுக்குள் இருப்பது என்ன?

பேடின் தலைக்குக் கீழே பீசோ என்ற மெல்லிய வட்டத்தகடு இருக்கிறது. அதிர்ந்தால் சிறிய மின்னழுத்தம் தரும். ரிம்முக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் இரண்டாவது பீசோ ஒன்றைப் பேடின் உடலோடு ஒட்டியிருப்பார்கள். மெஷ் ஸ்னேர் பேடுகள் பெரும்பாலும் இந்த வகை. இதைப் பீசோ-பீசோ என்பார்கள். இரண்டாவது வழியில் விளிம்பு ரப்பருக்கு அடியில் பட்டையாக ஒரு சுவிட்ச் ஓடும். ரப்பர் அமுங்கும்போது இரு கடத்திகள் தொட்டுக்கொள்ளும். இது பீசோ-சுவிட்ச். ரப்பர் பேடுகளிலும் சிம்பல்களிலும் இதை அதிகம் காணலாம்.

இந்த வேறுபாடு தெரிந்தால் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். சுவிட்சுக்குத் 'தொட்டது', 'தொடவில்லை' என்ற இரண்டு செய்திகள்தான் தெரியும். எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்பதைத் தலைப் பீசோவிடம் கேட்டுத்தான் மாட்யூல் அறிந்துகொள்கிறது. அதனால் சுவிட்ச் வகையில் ரிம்மை வருடினால் ஒலி வராது. ரப்பர் அமுங்கும்படி அடிக்க வேண்டும். பீசோ-பீசோ வகையின் தொல்லை வேறு. தலையில் அடித்தாலும் ரிம் பீசோ கொஞ்சம் அதிரும். ரிம்மில் அடித்தாலும் தலைப் பீசோ அதிரும். இரண்டில் எது எவ்வளவு அதிர்ந்தது என்று ஒப்பிட்டு மாட்யூல் தீர்ப்புச் சொல்கிறது. தீர்ப்பு தவறும் இடங்களைச் சரிசெய்யத்தான் பின்னால் வரும் அமைப்புகள் எல்லாம்.

உங்களுடையது எந்த வகை என்று தெரியவில்லையா? வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை. பேடில் ஸ்டீரியோ கேபிளைச் செருகி, மறுமுனையை மாட்யூலில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜாக்கின் (கேபிள் முனையின் உலோகச் செருகி) இரு கறுப்புக் கோடுகளுக்கு இடையிலுள்ள நடு வளையத்திலும் அடிப்பகுதியிலும் மீட்டரின் முனைகளை வைத்து ஓம் அளவைப் பாருங்கள். இன்னொருவர் விளிம்பு ரப்பரைச் சுற்றிலும் அழுத்தட்டும். அளவு சட்டென்று விழுந்தால் சுவிட்ச். எங்கே அழுத்தினாலும் அசையவில்லை என்றால் அங்கே இருப்பது பீசோ, அல்லது ரிம் சென்சாரே இல்லை.

'சென்சாரே இல்லை' என்பது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. அலிசிஸ் நைட்ரோ மெஷ் செட்டில் ஸ்னேருக்கு மட்டும்தான் தலை, ரிம் என இரண்டு பகுதிகள். டாம்கள் எனப்படும் துணை டிரம்கள் ஒரே பகுதி. டாமின் விளிம்பில் எத்தனை நாள் தட்டினாலும் அது பதில் சொல்லாது. பேடின் பெயரைக் கையேட்டில் தேடி, 'இரண்டு பகுதி' என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கேபிள்

ஜாக்கின் உலோக மூக்கைப் பாருங்கள். குறுக்கே கறுப்புக் கோடுகள் எத்தனை? ஒன்று என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ. பேடுக்கு ஸ்டீரியோ வேண்டும், அதுவும் இரு முனைகளிலும். நுனி தலையின் சிக்னலைக் கொண்டுபோகிறது, நடு வளையம் ரிம்மின் சிக்னலை, அடிப்பகுதி தரையிணைப்பு. மோனோ ஜாக்கில் நடு வளையம் கிடையாது. அந்த இடமும் அடிப்பகுதியின் உலோகமே. ஆகவே அதைச் செருகியதும் ரிம் சிக்னல் நேராகத் தரையில் இறங்கிவிடுகிறது.

பீசோ-பீசோ பேடில் இதன் விளைவு ரிம்மின் முழு மௌனம். பீசோ-சுவிட்ச் பேடில் வேடிக்கை வேறு விதம். நடு வளையமும் தரையும் எப்போதும் இணைந்திருப்பதால், யாரோ ரிம்மை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று மாட்யூல் நினைத்துக்கொள்ளும். தலையில் அடித்தாலும் ரிம் ஒலியே வரலாம். சிம்பல் என்றால் ஒலி எழுந்தவுடன் அறுந்துபோகலாம்.

ஸ்டீரியோ கேபிளாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? கடையில் கேபிள் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கிராஷ் சிம்பலை அடித்து, உடனே அதன் ஓரத்தைக் கையால் பிடியுங்கள். ஒலி நின்றால் அந்த கேபிளின் மூன்று இணைப்புகளும் நலம். அதே கேபிளைக் கழற்றி ஸ்னேரில் போட்டுப் பாருங்கள். ரிம் உயிர் பெற்றால் பழைய கேபிளைத் தூக்கி எறியலாம். இன்னொன்று: ஜாக் முழுவதும் உள்ளே போகாமல் இருந்தாலும் தலை ஒலித்து, ரிம் ஒலிக்காமல் போகலாம். 'டக்' என்று உள்ளே உட்காரும்வரை அழுத்துங்கள்.

எல்லாக் கம்பிகளும் ஒரே கட்டாக வரும் செட்களில் தனிக் கேபிளை மாற்ற முடியாது. அங்கே மாட்யூலை அணைத்துவிட்டு, அதன் பின்னால் உள்ள அகலமான இணைப்பானைக் கழற்றி, ஊசிகள் வளையாமல் நேராகப் பொருத்தி, இரு பக்கத் திருகுகளையும் முடுக்குங்கள். கட்டிலிருந்து வரும் முனைகளில் ஸ்னேர், டாம் 1 என்று பெயர் எழுதியிருக்கும். ஸ்னேர் பேடில் டாமின் கம்பியைப் போட்டுவிட்டுத் தவித்தவர்களையும் எனக்குத் தெரியும்.

துளையும் பேட் வகையும்

பேட் சரி, கேபிள் சரி. மாட்யூலில் அந்தத் துளைக்கு ரிம்மைப் படிக்கத் தெரியுமா? பல மாட்யூல்களில் ஸ்னேர் துளை மட்டுமே பீசோ-பீசோவைப் புரிந்துகொள்ளும். டாம் துளைகள் பீசோ-சுவிட்ச் வகையை மட்டும் ஏற்கும், அல்லது ரிம்மையே ஏற்காது. அப்படிப்பட்ட டாம் துளையில் அருமையான மெஷ் பேடை மாட்டினால் தலை மட்டும்தான் ஒலிக்கும். உறுதிப்படுத்த எளிய வழி, பேடை ஸ்னேர் துளைக்கு மாற்றிப் பார்ப்பது. அங்கே ரிம் பேசினால் பேடின்மேல் பழியில்லை.

துளை சரியென்றால் மாட்யூலின் டிரிகர் அமைப்பில் (பேடின் அடியை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் இடம்) பேட் வகையைத் தேடுங்கள். ஒவ்வொரு பேடின் பெயரும் அங்கே பட்டியலாக இருக்கும். சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தால் பீசோவா சுவிட்சா, எவ்வளவு உணர்திறன் என்பன எல்லாம் ஒரே அழுத்தத்தில் அமைந்துவிடும். உதாரணமாக, 2018இல் வந்த ரோலண்ட் டிடி-17 மாட்யூலோடு பிடிஎக்ஸ்-12 என்ற 12 அங்குல மெஷ் ஸ்னேர் வைத்திருந்தால் பட்டியலில் அந்தப் பெயரே இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் பேட் என்றால் அதே அமைப்பும் அளவும் கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பீசோ-பீசோ பேடுக்குச் சுவிட்ச் வகைப் பெயரைக் கொடுத்தால், எஞ்சிய அமைப்புகளில் எதைத் திருகினாலும் பயனில்லை.

எண்களோடு போராட்டம்

இங்கே வந்த பிறகுதான் எண்களைத் தொட வேண்டும். இரண்டு விதிகள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றுவதற்கு முன் பழைய எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள். நான்கு அமைப்புகளை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் விழிப்பது இந்தக் கலையில் எல்லோரும் ஒரு முறை செய்யும் பிழை.

முதலில் மெஷ்ஷின் இறுக்கம். எதிரெதிர்த் திருகுகளாக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று வீதம் முடுக்குங்கள். ஒரு பக்கம் தொய்ந்து மறுபக்கம் விறைத்திருந்தால் தலைக்கும் ரிம்முக்குமான ஒப்பீடு இடத்துக்கு இடம் மாறும். எந்த எண்ணும் அதைத் தீர்க்காது. பிறகு தலையின் சென்சிட்டிவிட்டி. உங்கள் முழுப் பலத்தில் அடித்தால் திரையின் அளவுகோல் உச்சத்தைத் தொட வேண்டும், நடுத்தர அடியிலேயே தொட்டுவிடக் கூடாது.

அடுத்து ரிம் கெயின். ரிம் அடியின் பலத்துக்கும் ஒலிக்கும் உள்ள விகிதம் இது. ரிம்ஷாட் சோகையாக வந்தால் ஏற்றுங்கள். மெதுவான ரிம் தட்டலும் கேட்கும் அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். இதற்கு மேல் ஏற்றினால் தலையில் ஓங்கி அடிக்கும்போது ரிம் ஒலி ஒட்டிக்கொண்டு வரத் தொடங்கும்.

அப்படி வரத் தொடங்கினால், அல்லது ரிம்ஷாட் அடிக்கும்போது தலை ஒலியே வந்தால், ரோலண்ட் மாட்யூல்கள் பலவற்றில் இருக்கும் 'ஹெட்-ரிம் அட்ஜஸ்ட்' என்ற அமைப்பைத் தேடுங்கள். மேலே சொன்ன தீர்ப்பின் தராசு முள் இதுதான். ஒரு பக்கம் நகர்த்தினால் தலைக்குச் சாதகம், மறுபக்கம் ரிம்முக்கு. நான் செய்யும் முறை இது: தலையில் பலமாகப் பத்து அடி, பிறகு ரிம்ஷாட் பத்து அடி. இருபதில் எத்தனை தவறாக ஒலித்தது என்று எண்ணுவேன். இரண்டு படி நகர்த்தி மீண்டும் இருபது. தவறு கூடினால் எதிர்த் திசை. இருபதில் ஒன்று தவறும் நிலைக்கு வந்துவிட்டால் விட்டுவிடுவேன். அந்த ஒன்றையும் துரத்திக்கொண்டு போனால் மாலை முழுதும் போய்விடும், வாசிப்பது எப்போது?

கிராஸ் ஸ்டிக் வசதி இருக்கும் மாட்யூல்களில், பெரும்பாலும் ஸ்னேர் துளைக்கு மட்டும், இன்னொரு அமைப்பு இருக்கும். ரிம்மில் விழும் மென்மையான அடியைக் கிராஸ் ஸ்டிக் என்றும் வலுவான அடியை ரிம்ஷாட் என்றும் பிரிக்கும் எல்லைக்கோடு அது. ரோலண்டில் இதன் பெயர் 'எக்ஸ்-ஸ்டிக் த்ரெஷோல்ட்'. மெதுவான ரிம்ஷாட் கிராஸ் ஸ்டிக்காக மாறி ஒலித்தால் எண்ணைக் குறையுங்கள். கிராஸ் ஸ்டிக்கில் சற்று அழுத்தியதும் ரிம்ஷாட் வெடித்தால் கூட்டுங்கள்.

யமஹாவின் மூன்று பகுதிப் பேடுகளில் இந்த ஊகமே தேவையில்லை. அங்கே விளிம்பில் இரண்டு தனிச் சுவிட்ச் பகுதிகள். ஒன்றில் ரிம்ஷாட், மற்றொன்றில் கிராஸ் ஸ்டிக் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பகுதி உங்கள் பக்கம் இருக்க வேண்டும் என்று பேடைத் திருப்பி மாட்ட வேண்டும். ரப்பர் பேடுகள் சிலவற்றில் ரிம் சுவிட்ச் முழு வட்டமும் ஓடுவதில்லை, ஒரு பகுதியில் மட்டும் இருக்கும். உறங்கும் பக்கத்தை உங்களை நோக்கி வைத்துக்கொண்டு அடித்தால் நாள் முழுக்க 'டொக்'தான். மல்டிமீட்டர் சோதனையின்போதே உயிருள்ள பகுதியைச் சுண்ணக்கட்டியால் குறித்துவையுங்கள்.

இன்னொரு பொறி ஒலித் தொகுப்பிலேயே இருக்கிறது. மாட்யூலில் தேர்ந்தெடுத்த தொகுப்பில் ரிம்முக்கும் தலைக்கும் ஒரே ஒலி கொடுத்திருக்கலாம், அல்லது ரிம்மின் ஒலியளவு மிகக் குறைவாக இருக்கலாம். ரிம்முக்கு மாட்டுமணி போன்ற சம்பந்தமே இல்லாத ஒலியைக் கொடுத்து அடித்துப் பாருங்கள். மணி கேட்டால் சென்சாரிலிருந்து மாட்யூல்வரை எல்லாம் சரி.

கை

எல்லாம் சரியாக இருந்தும் ரிம்ஷாட் பத்தில் நான்குதான் வருகிறதா? பேடின் உயரத்தைப் பாருங்கள். ரிம்ஷாட்டுக்குக் குச்சி ஏறக்குறையப் படுத்த நிலையில் தோலையும் வளையத்தையும் ஒன்றாகத் தொட வேண்டும். பேட் தாழ்ந்திருந்தால் மணிக்கட்டு மேலே நின்று நுனி மட்டும் தோலில் விழும். மிக உயர்ந்திருந்தால் தண்டு மட்டும் வளையத்தில் விழும். பேடை இரண்டு விரலளவு ஏற்றி இறக்கிப் பாருங்கள், சாய்வையும் கொஞ்சம் மாற்றுங்கள். நான் பார்த்தவரையில், எண்களால் தீராத ரிம்ஷாட் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு விரலளவில் தீர்ந்திருக்கின்றன.

கிராஸ் ஸ்டிக்கில் உள்ள சிக்கல் உள்ளங்கைதான். மரத்தில் செய்த டிரம்மில் கையை அப்படியே தோலில் போடுவோம். மெஷ்ஷில் கையைப் பொத்தென்று போட்டால் அதையே தலை அடியாக எண்ணி மாட்யூல் ஒரு ஸ்னேரைத் தட்டிவிடும். கையை முதலில் மெல்ல வைத்து, பிறகு குச்சியை மட்டும் அசையுங்கள். குச்சியைத் திருப்பிப் பிடித்து, தடித்த முனை வளையத்தில் விழும்படி செய்தால் அடி கனமாக விழும், சென்சாரும் தவறவிடாது. வளையத்துக்கு வெளியே குச்சி எவ்வளவு நீள வேண்டும் என்பது மரத்தில் செய்த டிரம்மில் ஒலியையே மாற்றும். பேடில் ஒலி மாறாது, ஆனால் மிகக் குறைவாக நீண்டால் அடிக்குப் பலம் இருக்காது.

இந்த உள்ளங்கைச் சிக்கலை ரோலண்ட் வேறு வழியில் அணுகியது. டிடி-50 மாட்யூலோடு 2016இல் வந்த பிடி-140டிஎஸ் என்ற டிஜிட்டல் ஸ்னேர், தலையில் கை படிந்திருக்கிறதா என்பதையே உணர்ந்து கிராஸ் ஸ்டிக்கைத் தீர்மானிக்கும். அதற்குச் சாதாரண கேபிள் போதாது, யுஎஸ்பி வழியாகத்தான் இணையும். விலையும் அதற்கேற்றபடி.

கணினியில் வாசிப்பவர்களுக்கு

மாட்யூலின் ஹெட்ஃபோனில் ரிம் கேட்கிறது, கணினியின் டிரம் மென்பொருளில் கேட்கவில்லை என்றால் இது மிடி எண் (எந்த ஒலி என்று மாட்யூல் கணினிக்குச் சொல்லும் எண்) பொருந்தாத சிக்கல். ரோலண்டின் வி-டிரம்ஸ் ஸ்னேர் வழக்கமாகத் தலைக்கு 38, ரிம்ஷாட்டுக்கு 40, கிராஸ் ஸ்டிக்குக்கு 37 என்ற எண்களை அனுப்பும். மென்பொருளின் வரைபடத்தில் அந்த எண்களுக்கு எதிரே அந்த ஒலிகளே இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டியலில் உங்கள் மாட்யூலின் பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

இருப்பதை வைத்துக்கொண்டு சமாளிக்க

பீசோ-பீசோ பேட் இருக்கிறது, ஆனால் மாட்யூலின் துளைகள் ரிம்மைப் படிக்கவில்லை. ஒரு ஸ்டீரியோ முனை இரண்டு மோனோ முனைகளாகப் பிரியும் கேபிளை வாங்குங்கள். ஸ்டீரியோ முனை பேடுக்கு, மோனோ முனைகளில் ஒன்று ஸ்னேர் துளைக்கு, மற்றொன்று சும்மா கிடக்கும் வேறொரு துளைக்கு. இப்போது ரிம் ஒரு தனிப் பேட் போல வேலை செய்யும்; அதற்கு வேண்டிய ஒலியை அந்தத் துளையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே உடலில் இருப்பதால் ஒன்றை அடித்தால் மற்றதும் ஒலிக்கும். மாட்யூலில் இப்படி ஒன்றின் அதிர்வு மற்றதை ஒலிக்கவைப்பதைத் தடுக்கும் கிராஸ்டாக் அமைப்பை அந்த இரு துளைகளுக்கும் கூட்டி அதை அடக்க வேண்டும். சுவிட்ச் வகைப் பேடில் இந்தத் தந்திரம் பலிக்காது, ஏனென்றால் சுவிட்ச் தானாக மின்னழுத்தம் எதையும் தருவதில்லை.

மெல்லிசை மேடைகளில் எஸ்பிடி-எஸ்எக்ஸ் என்ற ரோலண்டின் சாம்பிளிங் பேட் வைத்து வாசிப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. அதன் பின்னால் உள்ள டிரிகர் துளை ஒன்றில் ஸ்டீரியோ கேபிளால் இரண்டு பகுதிப் பேடை மாட்டினால், தலை ஒரு டிரிகராகவும் ரிம் அடுத்த டிரிகராகவும் வரும். ரிம்மில் கைத்தட்டலோ உடுக்கையோ வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம்.

ஒரே பகுதி கொண்ட மெஷ் பேடுக்கு நாமே ரிம் பீசோ சேர்க்கவும் முடியும். உத்தரவாதக் காலம் முடிந்த பேடில் மட்டும் செய்யுங்கள். மின்னணுப் பொருள் கடையில் 27 மில்லிமீட்டர் பீசோ மலிவாகக் கிடைக்கும், கம்பி பற்றவைத்ததாகவே கேட்டு வாங்குங்கள். நீங்களே பற்றவைப்பதானால் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியில் சூடு ஒரு நொடிக்கு மேல் தங்கக் கூடாது. வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். வளையத்தின் அதிர்வு நேராக வந்துசேரும் உட்சுவரில், மெல்லிய இருபுற ஒட்டும் நுரைநாடாவால் அதை ஒட்டுங்கள். பேடின் துளை மோனோவாக இருந்தால் ஸ்டீரியோ துளையாக மாற்ற வேண்டும். பழைய பீசோவின் நடுக்கம்பி நுனிக்கு, புதியதன் நடுக்கம்பி நடு வளையத்துக்கு, பித்தளைப் பகுதியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் அடிப்பகுதிக்கு. மூடுவதற்கு முன் கம்பிகளை உடலோடு ஒட்டிவையுங்கள். தொங்கும் கம்பி ஒவ்வொரு அடிக்கும் உள்ளே மோதினால், அந்தச் சத்தத்தையும் ரிம் என்றே மாட்யூல் எடுத்துக்கொள்ளும்.